அம்மாவின் தபால் வாக்கு

2021 மே 2ஆம் தேதி தென்காசிச் சட்டமன்றத் தொகுதியின் முடிவு வந்தபோது வெற்றி வித்தியாசம் 370 வாக்குகள். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் பதிவான தொகுதி இது. காங்கிரசின் பழனி நாடார் வென்றார், அ.தி.மு.க.வின் செல்வமோகன்தாஸ் பாண்டியன் தோற்றார். 2016இலும் இதே இருவர்தான் எதிரெதிரே நின்றார்கள். அப்போது செல்வமோகன்தாஸ் பாண்டியன் 462 வாக்குகளில் வென்றிருந்தார். எங்கள் தெருவையும் அடுத்த இரண்டு தெருக்களையும் சேர்த்தால் இதைவிட அதிக வாக்காளர்கள் இருப்போம். 'என் ஒரு ஓட்டால் என்ன ஆகிவிடப் போகிறது' என்று சொல்லும் உரிமை தென்காசிக்காரர்களுக்குக் கிடையாது என்று வகுப்பில் வேடிக்கையாகச் சொல்வேன்.

தோற்ற தரப்பு தபால் வாக்குகளின் எண்ணிக்கையைக் கேள்வி கேட்டு நீதிமன்றம் போனது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2023 ஜூலையில், உயர் நீதிமன்ற உத்தரவின்படி தபால் வாக்குகள் மறுபடி எண்ணப்பட்டன. வெற்றி மாறவில்லை. அந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எந்தக் கட்சியின் மேலும் உள்ள பற்றினால் அல்ல. அந்தத் தபால் வாக்குகளில் என் அம்மாவினுடையதும் ஒன்று.

80 வயது கடந்தவர்கள் வீட்டிலிருந்தே தபால் வாக்குப் போடலாம் என்ற வசதி அந்தத் தேர்தலில் இருந்தது. அம்மாவுக்கு அப்போது 81. மேலகரத்தில் அண்ணன் வீட்டில் இருந்தாள். கொரோனா காலம், வெளியே கூட்டிப்போக வேண்டாம் என்று அண்ணனே படிவத்தை நிரப்பிக் கொடுத்தான். அலுவலர்கள் வீட்டுக்கு வந்த அன்று நானும் அங்கே இருந்தேன். அம்மாவுக்குக் கண் நன்றாகத் தெரியும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பஞ்சாங்கத்தின் பொடி எழுத்தைக்கூட வாசித்துவிடுவாள். கை மட்டும் நடுங்கும். அண்ணன் பேனாவை எடுத்துக்கொண்டான்.

"அம்மாவுக்குக் கை நிக்காது சார், நானே குறிச்சிருதேன். எப்பவும் போடுறதுதானம்மா?"

அம்மா அவனைப் பார்த்தாள். தலையாட்டினாள். இயலாதவருக்குத் துணையாக வயதுவந்த ஒருவர் வாக்கைக் குறிக்க விதி இடம் தருகிறது. ஆகவே வந்தவர்கள்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். முனைவர் பட்டம் வாங்கியவள், பெண்ணியம் பாடம் நடத்துகிறவள். ஒரு வார்த்தை பேசவில்லை. வந்தவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன்.

சில மாதங்கள் கழித்து, அம்மாவுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தபோது அவளாகவே சொன்னாள்: "ஏளா, நான் நினைச்சிருந்தது வேற."

மறு எண்ணிக்கை அந்தத் தாளைச் சரியாகவே எண்ணியிருக்கும். எத்தனை முறை எண்ணினாலும் அது ஒன்றுதான். ஆனால் அது யாருடைய வாக்கு என்பதை எண்ணுகிறவர்களால் சொல்ல முடியாது. தேர்தல் முடிவுகளை ஒரு பெண்ணாக வாசிக்கும்போது எனக்குள் எழுவது இந்தக் கேள்விதான்: கணக்கில் நாம் இருக்கிறோம், சரி, நம்மிடம் எதையாவது கேட்டார்களா?

கணக்கில் இருக்கிறோம் என்பதில் சந்தேகமில்லை. 2021 ஜனவரியில் வெளியான தமிழ்நாட்டு வாக்காளர் பட்டியலில் ஆண்களைவிடப் பெண்கள் ஏறத்தாழ 10 லட்சம் பேர் அதிகம். அந்தப் பட்டியலிலிருந்து உருவான 234 பேர் கொண்ட அவையில் பெண்கள் 12 பேர். 2016இல் 21 பேர் இருந்தார்கள். எங்கள் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். திருநெல்வேலியிலிருந்து பிரிந்து 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. அதன் ஐந்து தொகுதிகளில் இரண்டில் அதுவரை பெண்கள் உறுப்பினர்களாக இருந்தார்கள். சங்கரன்கோவிலில் அ.தி.மு.க. அமைச்சர் வி.எம். ராஜலட்சுமி; ஆலங்குளத்தில் தி.மு.க.வின் பூங்கோதை ஆலடி அருணா. எதிரெதிர்க் கட்சிகள். 2021இல் இருவருமே தோற்றார்கள். புதிய மாவட்டம் சந்தித்த முதல் சட்டமன்றத் தேர்தலில் ஐந்து தொகுதிகளிலிருந்தும் ஐந்து ஆண்கள் சென்னைக்குப் போனார்கள்.

இதைப் பெண்கள் பெண்களுக்கு வாக்களிப்பதில்லை என்று வாசிப்பது சுலபம். எங்கள் கல்லூரி ஆசிரியர் அறையில் அப்படித்தான் வாசித்தார்கள். நான் வேறு மாதிரி வாசிக்கிறேன். நாம் தமிழர் கட்சி அந்தத் தேர்தலில் 234 தொகுதிகளில் 117இல் பெண்களை நிறுத்தியது. ஒரு தொகுதியிலும் அந்தக் கட்சி வெல்லவில்லை. வெல்லக்கூடிய கட்சிகளோ பெண்களுக்கு மிகச் சில தொகுதிகளையே கொடுத்தன. அதாவது, வெற்றி வாய்ப்பு இல்லாத இடத்தில் சரிபாதி. வெற்றி வாய்ப்பு இருக்கும் இடத்தில் கைவிரல்களால் எண்ணிவிடக்கூடிய கணக்கு. வாக்குச்சாவடிக்கு நாம் போகும் முன்பே, வேட்பாளர் பட்டியல் தயாராகும் அறையிலேயே, முடிவின் பெரும்பகுதி எழுதப்பட்டுவிடுகிறது.

தோற்ற பெண் வேட்பாளர்களைப் பற்றி ஒருவரும் அதிகம் பேசவில்லை. வாக்களித்த பெண்களைப் பற்றித்தான் பேச்சு. 'ஆயிரம் ரூபாய்க்கு விழுந்துட்டாங்க' என்றார் ஒருவர். அந்தத் தேர்தலில் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று தி.மு.க.வும் 1,500 ரூபாய் என்று அ.தி.மு.க.வும் வாக்குறுதி கொடுத்திருந்தன. அதே ஆண்டு பிப்ரவரியில்தான் கூட்டுறவு வங்கிகளின் 12,110 கோடி ரூபாய்ப் பயிர்க்கடன் தள்ளுபடி அறிவிக்கப்பட்டது. விவசாயிகளுக்கு அது தேவையான உதவிதான். நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் நிலப்பட்டா பெரும்பாலும் ஆண்களின் பெயரில் இருக்கும் நாட்டில், பட்டாவின் வழியாகப் போகும் பணத்துக்குப் 'பொருளாதார நடவடிக்கை' என்று பெயர். பெண்ணின் கணக்கில் நேராக விழும் பணத்துக்கு 'இலவசம்' என்று பெயர். கட்டணமில்லாப் பேருந்துச் சீட்டுக்கு 'ஓசி டிக்கெட்' என்று பெயர்.

எங்கள் தெருவில் பீடி சுற்றும் அக்கா ஒருவர் என்னிடம் சொன்னார்: "முன்னால இலை வாங்கப் போகணும்னாகூட அவுக துட்டு தந்தாத்தான் பஸ்ஸுல ஏற முடியும், டீச்சர். இப்ப நான் எப்ப போனேன் எப்ப வந்தேன்னு எனக்குத்தான் தெரியும்." கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை எந்த வாக்குக் கணிப்பும் பதிவு செய்ததாகத் தெரியவில்லை.

எனக்குத் திருக்குற்றாலக் குறவஞ்சி நினைவுக்கு வந்தது. எங்கள் மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் எழுதியது. ஊர் ஊராகப் போய்க் குறி சொல்லி நகைகளைப் பரிசாகப் பெற்றுவரும் சிங்கியைக் கணவன் சிங்கன் தேடிக் கண்டுபிடிக்கிறான். கண்டதும் அவள் உடம்பில் கிடக்கும் ஒவ்வொரு நகையையும் காட்டி, இது என்ன, இது எப்படி வந்தது என்று கேட்கிறான். அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்கிறாள். இந்தப் பகுதியை நகைச்சுவை என்றே பல ஆண்டுகள் பாடம் நடத்தினேன், மாணவிகளும் சிரித்தார்கள். இப்போது நடத்தும்போது ஒன்றைச் சேர்த்துக் கேட்கிறேன்: உழைத்து வாங்கி வந்தவள் ஏன் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது? 'ஆயிரம் ரூபாய்க்கு விழுந்துட்டாங்க' என்பதும் சிங்கனின் விசாரணைதான். பெண் கையில் ஒன்று வந்தால், எதைக் கொடுத்து வாங்கினாய் என்ற சந்தேகம் கூடவே வருகிறது.

என்றாலும் அந்தத் திட்டத்தை நான் அப்படியே கொண்டாடிவிடவும் முடியாது. 2023 செப்டம்பர் 15இல் அது கலைஞர் மகளிர் உரிமைத் தொகை என்ற பெயரில் தொடங்கியது. ஒரு கோடிக்கும் அதிகமான பெண்களுக்குப் போகிறது. 'உதவி' என்று சொல்லாமல் 'உரிமை' என்று சொன்னது முக்கியம். மொழியோடு வேலை செய்கிறவள் என்பதால் அந்தச் சொல்லின் எடை எனக்குத் தெரியும். ஆனால் உரிமை பெறுகிறவள் 'பெண்' அல்ல, 'குடும்பத் தலைவி'. ஒரு ரேஷன் அட்டைக்கு ஒருத்தி. அட்டையில் தலைவராக ஆண் இருந்தால் அவருடைய மனைவியே தலைவியாகக் கருதப்படுவார். அதே வீட்டில் இருக்கும் மருமகளோ திருமணமாகாத நாத்தனாரோ அந்தச் சொல்லுக்குள் வரமாட்டார்கள்.

இந்தச் சொல்லுக்கு ஒரு பழைய உறவு இருக்கிறது. சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தலுக்குப் பட்டியல் தயாரித்தபோது, வட மாநிலங்களில் லட்சக்கணக்கான பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. 'இன்னாரின் மனைவி', 'இன்னாரின் மகள்' என்றே பதிந்துகொண்டார்கள். சொந்தப் பெயர் இல்லாமல் ஒருவரை வாக்காளராக ஏற்க முடியாது என்று முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் உறுதியாக இருந்தார். ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. கடுமையான முடிவுதான். ஆனால் அதில் ஒரு நேர்மை இருந்தது: வாக்கு உறவுமுறைக்குக் கிடையாது, ஆளுக்குத்தான். எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு நமக்குப் பெயர் இருக்கிறது, புகைப்படம் ஒட்டிய அட்டை இருக்கிறது. மேடையில் மட்டும் இன்னும் 'தாய்க்குலம்'.

தாய்க்குலத்திடம் கேட்கவே படாத ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2003 முதல் தமிழ்நாட்டில் மதுச் சில்லறை விற்பனை அரசின் டாஸ்மாக் கையில் இருக்கிறது. 2016 தேர்தலில் மதுவிலக்கு பெரிய வாக்குறுதி. மதுவிலக்கு கொண்டுவருவோம் என்றது தி.மு.க.; படிப்படியாக என்றது அ.தி.மு.க. அ.தி.மு.க. வென்றது, முதலில் 500 கடைகள் மூடப்பட்டன. அடுத்த ஆண்டு, நெடுஞ்சாலையோரக் கடைகளை அகற்றச் சொன்ன உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின், கடைகள் ஊருக்குள் இடம் தேடி வந்தன. மாநிலம் முழுக்கப் பெண்கள் தெருவில் இறங்கினார்கள். 2017 ஏப்ரலில் திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் மறியல் செய்த ஒரு பெண்ணைக் காவல் அதிகாரி ஒருவர் கன்னத்தில் அறைந்த காட்சியை நாம் எல்லோரும் பார்த்தோம்.

இப்போது 2016இன் முடிவை எடுத்து வைத்துக்கொண்டு, மதுவைப் பற்றித் தமிழ்நாட்டுப் பெண்கள் என்ன சொன்னார்கள் என்று யாராவது வாசித்துக் காட்ட முடியுமா? முடியாது. மது, மின்சாரம், கடன், சாதி, கூட்டணி, தலைவர்மேல் பிரியம், வேட்பாளர்மேல் கோபம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு பொத்தான். அதில் கேட்கப்படும் கேள்வி 'யார்?' என்பது மட்டும்தான். 2013இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் வந்த நோட்டாவும் அதே கேள்விக்கு 'இவர்களில் யாரும் இல்லை' என்ற பதில்தான். 'என்ன வேண்டும்?', 'இது இங்கே இருக்கலாமா?' என்று நம்மிடம் எவரும் கேட்பதில்லை.

இந்தியாவில் ஓர் இடத்தில் கேட்டிருக்கிறார்கள். மகாராஷ்டிரத்தில் ஒரு கிராமத்தின் அல்லது வார்டின் பெண் வாக்காளர்கள் மனுக் கொடுத்தால், மதுக்கடை வேண்டுமா வேண்டாமா என்று ரகசிய வாக்கெடுப்பு நடத்த 2008ஆம் ஆண்டின் அரசாணை வழிசெய்கிறது. வாக்குச்சீட்டில் இரண்டு படங்கள். நிற்கும் புட்டி: கடை இருக்கட்டும். கிடக்கும் புட்டி: கடையை மூடு. எழுத்துத் தெரியாதவளுக்கும் புரியும். கட்சி இல்லை, சாதி இல்லை, தலைவர் முகம் இல்லை. எத்தனையோ ஊர்களில் பெண்கள் இந்தப் புட்டியைப் படுக்கவைத்திருக்கிறார்கள்.

ஆனால் அதிலும் ஒரு கொக்கி. வந்து வாக்களித்தவர்களில் பாதி போதாது. பட்டியலில் உள்ளவர்களில் பாதிக்குமேல் கிடக்கும் புட்டிக்கு வாக்களித்தாக வேண்டும். கூலிக்குப் போனவள், பிள்ளை பெற்றுப் படுத்திருப்பவள், கணவன் கதவைச் சாத்தி உட்காரவைத்தவள் எல்லோரும் நிற்கும் புட்டிக்கு வாக்களித்தவர்களாகிவிடுகிறார்கள். ஒரு சட்டமன்ற உறுப்பினர் 370 வாக்குகளில் வென்று ஐந்தாண்டுகள் இருக்கலாம். ஒரு மதுக்கடையை மூடுவதற்கு மட்டும் ஊர்ப் பெண்களில் பாதிப்பேரின் கை வேண்டும். 2024 நவம்பரில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் கருக்கலைப்பு உரிமையைக் காக்கும் திருத்தத்துக்கு ஏறத்தாழ 57 விழுக்காட்டினர் ஆதரவாக வாக்களித்தார்கள். தேவைப்பட்டது 60. திருத்தம் தோற்றது. கேள்வியைப் பெண்கள் பக்கம் திருப்பும்போதெல்லாம் வாசற்படியை ஓர் அடி உயர்த்திவிடுகிறார்கள்.

எதையும் மக்களிடமே நேரடியாகக் கேட்டுவிட்டால் தீர்ந்துவிடும் என்று சொல்லவும் எனக்குத் தயக்கம் உண்டு. நேரடி வாக்கெடுப்புக்குப் பெயர் போன சுவிட்சர்லாந்தில், பெண்களுக்கு வாக்குரிமை கொடுக்கலாமா என்று 1959இல் கேட்டார்கள். கேட்டது ஆண்களிடம், வாக்குரிமை அவர்களுக்குத்தானே இருந்தது. மூன்றில் இரண்டு பங்கினர் வேண்டாம் என்றார்கள். 1971இல்தான் தேசிய அளவில் அந்த உரிமை வந்தது. ஆகவே என்ன கேட்கிறார்கள் என்பதோடு, யாரிடம் கேட்கிறார்கள் என்பதும் முக்கியம். நான் வாக்களிக்கலாமா, படிக்கலாமா, யாரை மணக்கலாம் என்பதெல்லாம் ஊர் கூடி முடிவு செய்ய வேண்டியவை அல்ல. என் தெருமுனையில் என்ன கடை வரலாம் என்பது, அந்தத் தெருவில் இருட்டியபின் நடந்து வருகிறவளிடம் கேட்க வேண்டியது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகினால் நம் அரசியல் உரையாடல் பாதி தெளிந்துவிடும்.

கேட்பதற்கு நம்மிடம் ஏற்பாடே இல்லையா? கிராம ஊராட்சிகளில் கிராம சபை இருக்கிறது. குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி என்று கூடும் அந்தச் சபைகளில் மதுக்கடைக்கு எதிராகப் பெண்கள் தீர்மானம் கொண்டுவந்த செய்திகளைப் படிக்கிறோம். தென்காசி நகராட்சி, குற்றாலம் பேரூராட்சி. எங்களுக்குக் கிராம சபை கிடையாது. சாரல் காலத்தில் ஊர்கொள்ளாத கூட்டம் குற்றாலத்துக்கு வருகிறது. அருவியில் பெண்கள் குளிக்கத் தனி இடம் உண்டு. ஈரத்துணியோடு அங்கிருந்து வெளியே வரும் பெண், குடித்துவிட்டுத் திரியும் கூட்டத்தைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது. கடை வைத்துப் பிழைக்கும் உள்ளூர்ப் பெண்களுக்கு அது ஒவ்வொரு நாளும். உள்ளாட்சி இடங்களில் சரிபாதி பெண்களுக்கு என்று 2016இல் சட்டம் வந்தது. உட்கார நாற்காலி கிடைத்துவிட்டது. இந்தக் கேள்வியை அந்த நாற்காலிகளிலிருந்து கேட்கத் தொடங்குவார்கள் என்பதே என் எதிர்பார்ப்பு. நாடாளுமன்றத்திலும் சட்டமன்றங்களிலும் மூன்றில் ஒரு பங்கு என்ற 2023ஆம் ஆண்டின் அரசியல் சட்டத் திருத்தம், மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் தொகுதி மறுவரையறைக்கும் பின்னால் வரிசையில் நிறுத்தப்பட்டது. காத்திருக்கப் பழக்கப்பட்டவர்கள் என்று நம்மை நினைத்துவிட்டார்கள் போலும்.

இத்தனையும் சொல்லிவிட்டு அடுக்களை வாசலில் வாய்மூடி நின்றவளைப் பற்றிச் சொல்லாமல் போனால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். அரசு கேட்கவில்லை, கட்சி கேட்கவில்லை என்று எழுதுகிறேன். அன்று நான் ஏன் கேட்கவில்லை? 'அம்மா, உனக்கு எது வேணும்?' நான்கு சொற்கள். அண்ணன் கோபித்துக்கொள்வான் என்ற பயம் மட்டுமல்ல. அம்மாவுக்கென்று ஒரு தேர்வு இருக்கும் என்று எனக்கே அப்போது தோன்றவில்லை. அதுதான் என்னை இன்றும் உறுத்துகிறது.

2024 மக்களவைத் தேர்தலுக்கு முன் வீட்டு வாக்குக்கான வயது வரம்பை 85 ஆக உயர்த்தினார்கள். அம்மாவுக்கு 84. ஏப்ரல் 19ஆம் தேதி காலை ஓர் ஆட்டோ பிடித்து நானே அவளைக் கூட்டிப்போனேன். அண்ணனும் பின்னால் வண்டியில் வந்தான். வாசலில் சக்கர நாற்காலி இருந்தது. உள்ளே, துணைக்கு யாராவது வேண்டுமா என்று கேட்டார்கள். கேட்டார்கள் என்பதே எனக்குப் பெரிதாக இருந்தது. அம்மா வேண்டாம் என்றாள். நாற்காலியிலிருந்து எழுந்து, மேசையைப் பிடித்துக்கொண்டு, மறைப்புக்குப் பின்னால் போனாள். நேரம் ஆனது. எனக்குப் பின்னால் நின்றவர்கள் சலித்துக்கொண்டார்கள். பிறகு அந்த நீண்ட ஒலி கேட்டது.

தென்காசியில் அந்த முறை வென்றவர் ராணி ஸ்ரீகுமார், ஒரு பெண் மருத்துவர். அம்மா அவருக்கு வாக்களித்தாளா என்று எனக்குத் தெரியாது. வெளியே வந்ததும் அண்ணன் குனிந்து, "எதுக்கும்மா போட்ட?" என்று கேட்டான்.

அம்மா விரலில் இருந்த மையைப் பார்த்துக்கொண்டு, "போட்டாச்சு" என்றாள். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகு என்னிடம் தண்ணீர் கேட்டாள்.